முதல் பாத்திரம்: மேசைக் கதையாட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விடுமுறை நாட்களில் நான்கைந்து பேராகக் கூடி ஆடும் மேசைகளில், புதிதாக வந்து உட்காருபவர்கள் பாத்திரத் தாளைக் கையில் வாங்கியதும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எடுத்துவைத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். விதிகள் அனைத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை. 2014இல் வெளிவந்த புத்தகத்தை அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன். 2024இல் வந்த திருத்தப் பதிப்பு முக்கியமாக வேறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

"இது தாயம் மாதிரி பகடை ஆட்டமா, இல்ல நாடகமா? ஜெயிக்கிறது யாரு?"

இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் முதன்முதலாக வெளிவந்தது. ஒருவர் உலகத்தையும் அதிலுள்ள பகைவர்களையும் வழிப்போக்கர்களையும் நடத்துவார். அவரை டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். விளைவு உறுதியில்லாத செயலாக இருந்தால் 20 முகமுள்ள பகடையை உருட்டி, அதனுடன் தாளில் உள்ள ஓர் எண்ணைக் கூட்ட வேண்டும். டிஎம் வைத்த இலக்கை அந்தத் தொகை எட்டினால் செயல் பலிக்கும்.

ஜெயிப்பவர் என்று எவரும் இல்லை. டிஎம் எதிராளி அல்லர் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பல விடைகள் எளிதில் விளங்கும்.

"புத்தகம் ரொம்ப விலையா இருக்கே, வாங்காம ஆட முடியாதா?"

முடியும். ஆட்டத்தின் அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே இணையத்தில் இலவசமாகத் தருகிறார். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலும், திருத்தப் பதிப்பின் தொகுப்பு 2025இலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டன. ஆகவே அவற்றை இறக்கிப் படிப்பதும் அச்சிட்டுக்கொள்வதும் முறையான செயல்களே. மேசைக்கு ஒரு புத்தகம் இருந்தால் நல்லது, அதையும் டிஎம் வைத்திருந்தால் போதும்.

பகடைதான் நம் ஊரில் சிக்கல், ஏனெனில் கடைகளில் ஆறு முகப் பகடை மட்டுமே எளிதில் கிடைக்கிறது. 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட தொகுப்பை இணையத்தில் வரவழைக்கலாம். அது வந்து சேரும்வரை கைபேசிச் செயலி போதும். அதுவும் பிடிக்காதவர்கள் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைச் சொம்பில் போட்டு எடுக்கலாம். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்கினால் கணக்கு பகடைக்குச் சமமாகவே வரும்.

"எங்க ஆரம்பிக்கிறது? முதல்ல எண்ணா, கதையா, பேரா?"

இம்மூன்றுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மேசையில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரமும் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்க விரும்புகிறீர்கள்? முன்னால் நின்று அடி வாங்கி மற்றவர்களைக் காப்பதா, பூட்டைத் திறந்து ஒளிந்து செல்வதா, பேசிக் காரியம் சாதிப்பதா, காயம்பட்டவர்களைத் தேற்றுவதா? "எனக்கு மந்திரவாதி பிடிக்கும்" என்பது தோற்றத்தைப் பற்றிய விருப்பம். "யாரும் எதிர்பாராத வழியில் சிக்கலை அவிழ்ப்பது பிடிக்கும்" என்பது ஆட்டத்தைப் பற்றிய விருப்பம். பாத்திரத்தை இரண்டாவதிலிருந்து கட்ட வேண்டும்.

அந்த விடை கிடைத்துவிட்டால் கிளாஸ், அதாவது பாத்திரத்தின் தொழில்வகை, தானாக அமையும். தொழில்வகை அமைந்தால் எந்த எண் எங்கே போக வேண்டும் என்பது தெரியும். பெயரும் கதையும் கடைசியில் வந்தாலும் குற்றமில்லை. முதல் நாள் ஆட்டத்தின் பாதியில் பெயர் வைத்துக்கொண்ட பாத்திரங்களும் நன்றாகவே நிலைத்திருக்கின்றன.

"பன்னெண்டு கிளாஸ் இருக்கே, புதுசா வர்றவங்களுக்கு எது சுலபம்?"

போர்வீரரான ஃபைட்டர். முதல் நிலையில், அதாவது பாத்திரம் ஆட்டத்தைத் தொடங்கும் படியில், நினைவில் வைக்க வேண்டியது குறைவு, தாங்கும் திறன் அதிகம். அடுத்ததாக, ஒளிவும் சாமர்த்தியமும் கொண்ட ரோக். தெய்வத்தின் அருளால் மந்திரம் செய்யும் கிளெரிக்கும், படித்து மந்திரம் செய்யும் விஸார்டும் ஒவ்வொரு முறையும் பட்டியலைப் புரட்டித் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள். வாசிப்பதில் அலுப்பு இல்லாதவர் என்றால் தாராளமாக எடுக்கலாம். "புதியவர் என்றால் ஃபைட்டர்தான்" என்று சில மேசைகளில் கட்டாயப்படுத்துகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆசைப்பட்டு எடுத்த விஸார்டின் விதிகளை ஒருவர் ஒரு வாரத்தில் படித்து வந்துவிடுவார், திணிக்கப்பட்ட ஃபைட்டரின் தாளை அவர் திறந்துகூடப் பார்க்கமாட்டார்.

"ஆறு எண்ணுல இன்டெலிஜென்ஸும் விஸ்டமும் ஒண்ணுதானே?"

பாத்திரத்தின் திறன்களைக் குறிக்கும் ஆறு எண்களில் அதிகமாகக் குழப்புவது இந்த இணைதான். இன்டெலிஜென்ஸ் என்பது கற்றதும் நினைவும் தருக்கமும்; விஸ்டம் என்பது கவனிப்பும் உள்ளுணர்வும். ஒரு நடுகல்லில் பொறித்திருக்கும் வட்டெழுத்தைப் படித்து, அது எந்த அரசனின் காலத்தது என்று சொல்வது இன்டெலிஜென்ஸ். அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் ஒடிந்த மூங்கிலையும் ஈரம் காயாத சாணத்தையும் பார்த்து, யானை அருகில்தான் இருக்கிறது என்று உணர்ந்து நிற்பது விஸ்டம். முன்னதில் சிறந்தவர் பின்னதில் கோட்டைவிடுவது வாழ்க்கையிலும் உண்டு.

மற்ற நான்கையும் ஒகேனக்கல் ஆற்றில் வைத்துப் பார்க்கலாம். சுழலை எதிர்த்துத் துடுப்புப் போடுவது ஸ்ட்ரெங்த். ஆடும் பரிசலில் தடுமாறாமல் எழுந்து நிற்பது டெக்ஸ்டெரிட்டி. நனைந்த துணியோடு இரவு முழுவதும் குளிரைத் தாங்குவது கான்ஸ்டிடியூஷன். நேரமாகிவிட்டது என்று மறுக்கும் பரிசல்காரரைப் பேசிச் சம்மதிக்க வைப்பது கரிஸ்மா.

"பகடை உருட்டி எண் எடுக்கறதா, புத்தகத்துல குடுத்ததை வெச்சுக்கறதா?"

விதியில் மூன்று வழிகள் உள்ளன. நான்கு ஆறு முகப் பகடைகளை உருட்டி, மிகச் சிறியதை விட்டுவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுவது முதல் வழி. இப்படி ஆறு முறை செய்ய வேண்டும். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த எண்களை விரும்பியபடி பங்கிடுவது இரண்டாவது. 27 புள்ளிகளைக் கொண்டு 8 முதல் 15 வரையிலான எண்களை விலைக்கு வாங்குவது மூன்றாவது, இது டிஎம் இசைந்தால் மட்டும்.

உருட்டினால் ஓர் எண்ணின் சராசரி 12க்குச் சற்று மேல், ஆயத்த எண்களின் சராசரி சரியாக 12. ஆகவே உருட்டுவதில் பொதுவான லாபம் பெரிதாக இல்லை, ஏற்றத்தாழ்வுதான் அதிகம். ஒருவருக்கு 17உம் 16உம் விழுந்து பக்கத்தில் இருப்பவருக்கு 11க்கு மேல் எதுவும் விழாவிட்டால், அந்த வருத்தம் மாதக்கணக்கில் மேசையில் இருக்கும். முதல் பாத்திரத்துக்கு ஆயத்த எண்களே போதும்.

"தாள்ல ஒரே கட்டத்துல 16ன்னும் +3ன்னும் ரெண்டு எண் இருக்கே, எதைக் கூட்டணும்?"

கூட்ட வேண்டியது சிறிய எண்ணை. பெரிய எண்ணிலிருந்து 10ஐக் கழித்து, பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழே இறக்கினால் அது கிடைக்கும். 14க்கும் 15க்கும் +2தான். 8க்கும் 9க்கும் -1தான். ஒற்றைப்படை எண்ணில் நிற்பதால் உடனடிப் பயன் கிட்டத்தட்ட இல்லை என்பதே இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய சூட்சுமம்.

ஓர் எடுத்துக்காட்டு. நாகம்மா என்ற மனித இனத்துப் போர்வீராங்கனையை எடுத்துக்கொள்வோம். ஆயத்த எண்களில் ஸ்ட்ரெங்த் 15, கான்ஸ்டிடியூஷன் 14, விஸ்டம் 13, டெக்ஸ்டெரிட்டி 12, கரிஸ்மா 10, இன்டெலிஜென்ஸ் 8 என்று பங்கிடுகிறோம். 2014 விதிப்படி சாதாரண மனிதருக்கு எல்லாவற்றிலும் ஒன்று கூடும் என்பதால் அவை 16, 15, 14, 13, 11, 9 ஆகின்றன. இந்த ஏற்றத்தால் உண்மையில் பலன் பெற்றவை 15உம் 13உம் மட்டுமே. உயிர்ப்புள்ளி, அதாவது ஹிட் பாயிண்ட், முதல் நிலை ஃபைட்டருக்கு 10உடன் கான்ஸ்டிடியூஷனின் 2 சேர்ந்து 12. சங்கிலிக் கவசம் 16, கேடயம் 2, ஆகப் பாதுகாப்பு எண், அதாவது அவளைத் தாக்க எதிரியின் தொகை எட்ட வேண்டிய இலக்கு, 18. வாள் வீசும்போது ஸ்ட்ரெங்தின் +3உடன் முதல் நிலையில் எல்லோருக்கும் உரிய பயிற்சி எண் +2 சேர்ந்து +5. பட்டால் எட்டு முகப் பகடையுடன் 3 கூட்டிய அளவுக்குக் காயம். தாளில் உள்ள மற்ற எண்கள் பெரும்பாலும் இதே இரண்டு கூட்டல்களின் மறுபதிப்புகள்தாம்.

"எல்ஃப், ட்வார்ஃப் எல்லாம் நமக்கு ஒட்டவே மாட்டேங்குது. நம்ம ஊர்க் கதைய வைக்கலாமா?"

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். எல்ஃபும் ட்வார்ஃபும் ஆட்டத்தில் உள்ள கற்பனை இனங்கள். விதி எண்களைப் பற்றித்தான் பேசுகிறது, பெயரும் தோற்றமும் ஊரும் உங்களுடையவை. மேலே சொன்ன நாகம்மாவின் அண்ணன், கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் மாண்டவன்; ஊர் எல்லையில் அவனுக்கு நடுகல் நிற்கிறது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் இப்படிப்பட்ட கற்கள் ஏராளம். தர்மபுரி அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய், வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் அந்த உருவங்களுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றால் நான்கு பாத்திரங்களுக்கு வேண்டிய சரக்கு கிடைக்கும். தகடூர் அதியமான், தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்த நெல்லிக்கனியும் அப்படித்தான்: அந்தக் கனியைப் பறிக்க மலைச்சரிவில் ஏறியவன் யார் என்று கேட்டால் ஒரு ரேஞ்சர், அதாவது காடறிந்த வீரன், எழுந்து வருவான்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இன்றும் நம்மோடு வாழும் மலைமக்களையோ ஏதேனும் சாதியையோ ஆட்டத்தின் ஓர் "இனமாக" ஆக்கி, அவர்களுக்குப் பிறவியிலேயே இன்ன பலம், இன்ன குறை என்று எண் போடுவது கூடாது. மேசையில் சிரிப்பாகத் தொடங்கினாலும் அது வசவில்தான் முடியும். கற்பனை இனம் கற்பனையாகவே இருக்கட்டும்.

"பின்கதை எவ்வளவு எழுதணும்? நான் பன்னெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்."

எழுதிய உழைப்பு வீண் இல்லை, ஆனால் மேசைக்கு அரைப் பக்கம் கொண்டுவந்தால் போதும். முதல் நிலைப் பாத்திரம் இன்னும் எதையும் சாதிக்காதவர். நாகம்மாவின் 12 உயிர்ப்புள்ளிகள் இரண்டு நல்ல அடிகளில் தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவர் ஏற்கெனவே மூன்று டிராகன்களைக் கொன்று ஓர் அரசை மீட்டவர் என்று பின்கதை சொன்னால், முதல் எலியிடம் கடிபட்டு விழும்போது மேசையே சிரிக்கும். சுவையான நிகழ்ச்சிகள் இனிமேல் நடக்க வேண்டியவை, அவற்றை மற்றவர்களோடு சேர்ந்து நடத்தத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த அரைப் பக்கத்தில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: பாத்திரம் இப்போது எதை விரும்புகிறது, யாருக்குக் கடன்பட்டிருக்கிறது, எது அதற்கே தெரியாது. நாகம்மா அண்ணனின் வாளைத் தேடுகிறாள்; அண்ணன் உடலை வத்தல்மலையிலிருந்து சுமந்து வந்த மாட்டு வியாபாரிக்குக் கடன்பட்டிருக்கிறாள்; அன்றைய இரவு மந்தை இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவதை நீங்களே நிரப்பிவிடாதீர்கள். டிஎம் கைவைக்க விட்ட இடம் அது, உங்கள் பாத்திரத்தைப் பற்றி நீங்களே வியப்படையும் தருணமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

"என் ஆளு யாரோடயும் பேச மாட்டான், தனியாத்தான் சுத்துவான். டிஎம் ஏன் வேண்டாங்கறாரு?"

கதைப் புத்தகத்தில் அவன் அழகாகத்தான் இருப்பான். மேசையில், மற்ற நால்வர் சத்திரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் கூரைமேல் தனியாக உட்கார்ந்திருப்பான், அவனுக்காக டிஎம் தனி ஆட்டம் ஒன்றை நடத்த வேண்டியிருக்கும். கடுகடுப்பை வைத்துக்கொள்ளலாம், ஆனால் குழுவில் ஒருவரோடாவது பிரிய முடியாத கட்டு ஒன்று வேண்டும். முந்தைய விடையில் சொன்ன "யாருக்குக் கடன்" என்பதை இன்னொரு ஆடுபவரின் பாத்திரத்துக்கே மாற்றிவிட்டால் சிக்கல் தீரும். இதை ஆட்டத்துக்கு முன்பே அவரிடம் கேட்டுச் சம்மதம் பெற வேண்டும்.

"தமிழ்லயே ஆடலாமா? வயசுல பெரியவங்கள என் பாத்திரம் நீ-ன்னு கூப்பிடலாமா?"

தாளில் உள்ள சொற்கள் ஆங்கிலம், பேச்சு முழுவதும் தமிழ் என்பதுதான் இங்கே பெரும்பாலான மேசைகளின் வழக்கம். ஓசூர்ப் பக்கத்து மேசைகளில் தெலுங்கும் கன்னடமும் இடையில் புகுவதுண்டு. அரசன் என்றதும் மேடை நாடகத் தமிழுக்குத் தாவ வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி சின்னதாகத் தோன்றினாலும் ஆட்டத்தையே நிறுத்திவிடும். பதினெட்டு வயதுப் பையன் தளபதியாகவும், அவனுடைய மாமா காவலாளாகவும் ஆடும்போது, தளபதி "நீங்க கொஞ்சம் கதவைத் தொறக்கறீங்களா மாமா" என்றால் காட்சி குலைந்துவிடும். உட்கார்ந்ததும், பாத்திரமாகப் பேசும்போது வரும் "நீ", "வாடா" எதுவும் ஆளைச் சேராது என்று மூத்தவரே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. அதற்குப் பிறகும் கூச்சம் இருந்தால், "தளபதி அவனைக் கதவைத் திறக்கச் சொல்கிறார்" என்று படர்க்கையில் சொல்லலாம். விதியில் அதற்குத் தடையில்லை.

"கரிஸ்மாவுக்கு 8 போட்டுட்டேன். ஆனா நான் நேர்ல நல்லாப் பேசுவேனே, பேசியே சாதிக்கலாமா?"

அது மற்றவர்களுக்கு நியாயமில்லை. ஸ்ட்ரெங்த் 8 உள்ளவர், தான் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர் என்பதற்காகப் பாறையைத் தூக்க அனுமதி கேட்பதில்லை. நீங்கள் எடுத்துவைக்கும் வாதம் நன்றாக இருந்தால் டிஎம் இலக்கைக் கொஞ்சம் குறைப்பார், ஆனாலும் பகடையில் -1 இருக்கும். நல்ல கருத்தைத் தவறான நேரத்தில் தவறான தொனியில் சொல்லிக் கெடுத்துக்கொள்பவராக அந்தப் பாத்திரத்தை நடித்துப் பாருங்கள், அது பெரிய வேடிக்கை.

இதன் மறுபக்கமும் உண்மையே. நேரில் பேசத் தயங்கும் ஒருவர் கரிஸ்மா 16 உள்ள பாத்திரத்தை ஆடலாம். முந்தைய விடையில் சொன்ன படர்க்கை வழி அவருக்கும் பொருந்தும்.

"விஸார்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மந்திரம்தானா? அப்புறம் சும்மா நிக்கணுமா?"

முதல் நிலையில் பெரிய மந்திரங்களுக்கு இரண்டு வாய்ப்புகளே உண்டு, நீண்ட ஓய்வுக்குப் பிறகு அவை நிரம்பும்; நாளுக்கு ஒரு முறை குறுகிய ஓய்வின்போது ஒன்றை மட்டும் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் கேன்ட்ரிப் எனப்படும் சிறு மந்திரங்கள் மூன்றை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அவற்றில் ஒன்றையாவது தாக்குவதற்கு உரியதாக எடுத்துக்கொண்டால் சும்மா நிற்க நேராது. ஏட்டில் எழுதிக்கொள்ளும் ஆறு மந்திரங்களில் எல்லாமே சண்டைக்கானவையாக இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"திருடன் கிளாஸ்னா கூட இருக்கறவங்ககிட்டயே திருடலாமா? என் கேரக்டர் அப்படித்தானே!"

"என் கேரக்டர் அப்படித்தான்" என்ற சொற்றொடர் உடைத்த மேசைகள் பல. அந்த கேரக்டரை உருவாக்கியவர் நீங்கள்தான்; அவர் என்ன செய்வார் என்று தீர்மானிப்பவரும் நீங்கள்தான். ரோக் என்பது திறமைகளின் பெயர். பூட்டுத் திறப்பவர், ஒற்றர், கழைக்கூத்தாடி, கோட்டைச் சுவர் ஏறும் சாரணர் எல்லோரும் அதில் அடங்குவர். தோழரின் பையில் கைவிட வேண்டும் என்று ஆசைப்பட்டால், பையின் சொந்தக்காரரை ஆடுபவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றால் செய்யலாம், முகம் சுருங்கினால் விட்டுவிட வேண்டும்.

"மொத நாளே செத்துட்டா, வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதானா?"

உயிர்ப்புள்ளி 0 ஆனதும் பாத்திரம் மயங்கி விழுகிறதே தவிர, பெரும்பாலும் உடனே இறப்பதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும்: 10உம் அதற்கு மேலும் வெற்றி, அதற்குக் கீழே தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் நிலை தேறும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. 20 விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளியோடு எழுந்துவிடலாம். 0க்கு இறக்கிய பிறகும் மிஞ்சும் காயம் பாத்திரத்தின் முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் மட்டும் அங்கேயே முடிவு. ஏழு உயிர்ப்புள்ளி விஸார்டுக்கு இது நடக்கக்கூடியதுதான், ஆகவே அவர் முன்வரிசையில் நிற்க வேண்டாம்.

"என்கிட்ட 2014 புத்தகம், ஃபிரெண்டுகிட்ட 2024. ஒரே மேசைல கலந்து ஆடலாமா?"

ஆடலாம், ஒரு பள்ளத்தில் விழாமல் இருந்தால். பழைய புத்தகத்தில் எண்களுக்கான ஏற்றம் இனத்திலிருந்து வருகிறது. புதிய புத்தகத்தில் அது பேக்ரவுண்ட் எனப்படும் முன்வாழ்க்கையிலிருந்து வருகிறது: அந்த முன்வாழ்க்கைக்குக் குறித்திருக்கும் மூன்று எண்களில் ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 1, அல்லது மூன்றுக்கும் ஒவ்வொன்று. பழைய இனத்தையும் புதிய முன்வாழ்க்கையையும் சேர்த்து எடுப்பவர் இரண்டு ஏற்றத்தையும் கூட்டிவிடுகிறார். அப்படிச் சேர்க்கும்போது இனத்தின் எண்களை விட்டுவிட வேண்டும்.

நாகம்மாவைப் புதிய விதிப்படி செய்தால், படைவீரர் முன்வாழ்க்கை ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிடியூஷன் மூன்றுக்குள் மட்டுமே ஏற்றம் தரும். ஸ்ட்ரெங்தில் 2 சேர்த்தால் 17, கான்ஸ்டிடியூஷனில் 1 சேர்த்தால் 15. விஸ்டம் 13இலேயே நிற்கும், அதாவது +1. அவள் மந்தைக்குக் காவல் இருந்தவள் என்பதால் விஸ்டம் முக்கியம் என்று நினைத்தால், ஆயத்த எண்களைப் பங்கிடும்போதே 14ஐ அங்கே வைத்து, 13ஐக் கான்ஸ்டிடியூஷனுக்குக் கொடுத்து 14 ஆக்கிக்கொள்ளலாம். உயிர்ப்புள்ளி 12 அப்படியே இருக்கும்.

"ரெண்டு தடவை ஆடினேன், பிடிக்கல. பாத்திரத்தை மாத்தலாமா, இல்ல தப்பா நினைப்பாங்களா?"

யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 300 அனுபவப் புள்ளிகளில் இரண்டாம் நிலையும் 900இல் மூன்றாம் நிலையும் வருகின்றன. மூன்றாம் நிலைவரை தொழில்வகையையும் எண்களையும் மாற்றிக்கொள்ள விடுவதே நான் பரிந்துரைக்கும் வழக்கம், ஏனெனில் தாளில் படிப்பதும் ஆடிப் பார்ப்பதும் வேறு. முழுவதையும் தூக்கி எறியும் முன், பிடிக்காதது எது என்று பிரித்துப் பாருங்கள். சண்டையில் செய்ய ஒன்றுமில்லை என்றால் தொழில்வகையை மட்டும் மாற்றுங்கள்; பெயர், கடன், தேடல் எல்லாம் அப்படியே இருக்கலாம். ஆளே பிடிக்கவில்லை என்றால், அவரை ஊரில் விட்டுவிட்டுப் புதியவரோடு வாருங்கள். டிஎம் பழையவரைப் பின்னால் வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வார்.

எதை மாற்றினாலும் அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே டிஎம்மிடம் சொல்லி, புதிய தாளின் படமொன்றை அவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் பாத்திரத்தின் பாதுகாப்பு எண்ணையும் உயிர்ப்புள்ளியையும் கணக்கில் வைத்துத்தான் அவர் எதிரிகளைத் தயாரிக்கிறார்.